ஸ்டோர் ரூமில் ஒரு சீன டீச்சர்

சீன மொழி கற்றுக்கொடுக்கத் தேவையான சாமான்களெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கிய வேனில்தான் சீன டீச்சரும் வந்து இறங்கினார். தப்பு அங்கேதான் நடந்தது. ஒரு ஆட்டோ பிடித்து வந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. வேனிலிருந்து இறங்குவது எதுவானாலும் நேரே ஸ்டோருக்குப் போகும் என்பது அந்தப் பள்ளியின் சட்டம். தூரிகைப் பெட்டி போனது, மைக்குப்பிகள் போயின, படத்தட்டைகள் போயின. கடைசியாக டீச்சரும் போனார்.

ஸ்டோரைக் கட்டி ஆண்டவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பூட்டு சார். அவருடைய ஆட்சியில் உதை வாங்காமலே கிழப்பருவம் எய்திய கால்பந்துகள் உண்டு. ஒரு வார்த்தை பேசாமலே உயிரை விட்ட மெகாபோன் உண்டு. சுருட்டியபடியே நிற்கும் உலக வரைபடம் ஒன்றும் இருந்தது. அதைச் சுருட்டிய பிறகு உலகத்தில் நாடுகள் உடைந்தன, ஒட்டின, பெயர் மாறின. வரைபடத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. "பிரிச்சா பழசாயிடும்" என்பதுதான் அவர் வேதம். புதுச் சாமான் எதுவும் அதை அனுப்பிய அதிகாரி நேரில் வந்து சரிபார்க்காமல் ஸ்டோரைவிட்டு வெளியே போகாது.

சீன டீச்சரைச் சரிபார்க்க வேண்டியவர், அவரை அனுப்பிய மொழி ஆதரவு மையத்தின் அதிகாரி. அவர் பருவக் கடைசியில்தான் வருவார். அதற்குள் வகுப்பு நடந்திருந்தால் டீச்சர் இங்கேயே இருக்கலாம். நடக்காவிட்டால் பெட்டிகளோடு பெட்டியாக அவரும் மையத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

திரும்புவதில்லை என்று டீச்சர் முடிவு செய்திருந்தார். சீனாவிலிருந்து வந்த நாள் முதல் மையத்தில் அவர் செய்ததெல்லாம் கற்பிக்கும் சாமான்கள் தயாரிப்பதுதான். படத்தட்டை வரைந்தார். படத்தட்டையை எப்படிப் பிடிப்பது என்று ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு எழுதினார். அந்தக் கையேட்டை எப்படிப் படிப்பது என்று இன்னொரு கையேடும் எழுதினார். இத்தனைக்கும் உயிருள்ள ஒரு குழந்தை அவரைப் பார்த்து "டீச்சர்" என்று ஒரு தரம்கூடக் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு வகுப்பு, நிஜமான பிள்ளைகளோடு. அதற்காகத்தான் அந்த வேனில் ஏறியிருந்தார்.

முதல் நாளே பூட்டு சாரிடம் கேட்டுவிட்டார். அவர் தமிழ், மாடியில் குடியிருந்தபோது வீட்டுக்காரம்மாவோடு தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை போட்டுப் போட்டுப் படித்த தமிழ். அதனால் மரியாதையும் இருக்கும், குத்தலும் இருக்கும்.

"நான் என்ன சார், நாற்காலியா?"

"நாற்காலின்னா எனக்குக் கவலையே இல்லையே டீச்சர். ஒரு துணி போட்டு மூடிட்டுப் போயிடுவேன். நீங்க தேய்மானம் ஆகற சாமான்."

தலைமையாசிரியையிடம் முறையிட்டார். அந்த அம்மாள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, தனக்கே சாக்பீஸ் வேண்டுமென்றால் வீட்டிலிருந்துதான் கொண்டுவருவதாகவும், பூட்டு சாரை எதிர்த்த முந்தைய தலைமையாசிரியர் கடைசிவரை நாற்காலியே கிடைக்காமல் நின்றபடியே ஓய்வு பெற்றதாகவும் ரகசியமாகச் சொன்னார்.

மையத்துக்குப் போன் செய்தார். மையம் உருகிப்போய்விட்டது. உடனே ஆதரவு அனுப்பியது. முதலில் வந்தது, 'நாங்கள் உங்களோடு' என்று எழுதிய ஒரு பேனர். அது ஸ்டோருக்குள் போனது. பிறகு, குறுகிய இடத்தில் மனம் தளராமல் இருப்பது எப்படி என்று ஒரு புத்தகக் கட்டு வந்தது. அதை அடுக்கியதில் டீச்சருக்கு இருந்த இடமும் குறுகிப்போனது. கடைசியில் ஆதரவாளர் என்று ஓர் ஆளையே அனுப்பினார்கள். பாவம், அவரும் வேனில்தான் வந்தார். அன்று முழுக்க வாலிபால் வலைக்கும் பழைய தராசுக்கும் நடுவே உட்கார்ந்து, "தைரியமா இருங்க டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் அவருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. காய்ச்சல் இன்னும் விடவில்லை என்றுதான் கேள்வி.

பூட்டு சார் கொடுமைக்காரர் இல்லை. தினமும் சாயங்காலம் டீச்சர் தங்கியிருந்த அறைக்கு அவரை இரவல் கொடுத்தனுப்புவார். காலையில் திரும்பப் பெறும்போது மட்டும் ஏற இறங்கப் பார்ப்பார். "நேத்து கொண்டை இருந்துச்சே?" என்பார். ஒருநாள் டீச்சர் தும்மிவிட்டார். அதற்கு மறுநாள் அவர் தலைக்கு மேலே 'ஈரம் படாமல் வைக்கவும்' என்று ஓர் அட்டை தொங்கியது.

ஸ்டோருக்குக் கம்பி போட்ட ஒரு ஜன்னல் உண்டு. சாக்பீஸ் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு இல்லையென்று சொல்வதற்காகவே வைத்த ஜன்னல் அது. ஒருநாள் அங்கே வந்த ரெட்டைச் சடைக்காரி உள்ளே எட்டிப் பார்த்து, டீச்சர் விற்பனைக்கா, இல்லை பார்ப்பதற்கு மட்டும்தானா என்று விசாரித்தாள். டீச்சர் பதிலுக்கு, "நீ ஹாவ்" என்றார். நலமா என்று விளக்கமும் சொன்னார். சீனத்திலும் நீ என்றால் நீதான் என்று தெரிந்ததும் ரெட்டைச் சடைக்குப் பாதி மொழி படித்து முடித்த பெருமை. பெரியவர்களையும் அப்படிக் கூப்பிடலாமா என்று ஆவலாகக் கேட்டாள். அந்த வேலையெல்லாம் வேண்டாம், அவர்களுக்கு 'நின் ஹாவ்' என்று தனியாக மரியாதை இருக்கிறது என்றதும் முகம் வாடிவிட்டது. ஆனாலும் இரண்டையும் வாங்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த இடைவேளையில் ஜன்னலை மொய்த்த கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே ஏதோ யானையைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

பூட்டு சாருக்கு வேர்த்துவிட்டது. கண்ணெதிரே சரக்கு வெளியே போகிறது. ஆனால் சத்தத்தைக் கம்பியால் தடுக்க முடியாது, தடுப்பதற்கு விதியும் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் யோசித்தார். காலையில் தெளிந்த முகத்தோடு வந்தார்.

"போறது போகட்டும் டீச்சர். ஆனா வாங்கினவங்க மறுநாள் காலையில திருப்பிக் குடுத்துடணும். குடுத்தபடியே குடுக்கணும். கோணல் மாணலா வந்தா நான் எடுத்துக்க மாட்டேன்."

டீச்சர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, நியாயம்தான் என்று தலையாட்டினார்.

அன்றிலிருந்து காலை மணி அடிக்கும் முன்பே ஜன்னலில் வரிசை. ஒவ்வொரு பிள்ளையும் முந்தின நாள் வாங்கிப்போன சொல்லைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். பூட்டு சார் காதைக் கம்பியில் ஒட்டிவைத்து வாங்கிக்கொள்வார். வால்வு ஒழுகுகிறதா என்று சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பவன் முகம்போல அப்போது அவர் முகம் இருக்கும். சீனச் சொற்களுக்கு ஏற்ற இறக்கம்தான் உயிர். 'மாய்' என்பதைக் குழியில் இறக்கி ஏற்றினால் வாங்குவது, மேலிருந்து சரித்தால் விற்பது. வாங்குவதை எடுத்துப்போன ஒருவன் மறுநாள் விற்பதைக் கொண்டுவந்து நீட்டினான்.

"நேத்து பள்ளத்துல இறங்கி மேல ஏறிச்சு. இன்னிக்கு மாடிப்படியிலேர்ந்து உருளுது. சேதாரம். சரி பண்ணிக் கொண்டா."

பையன் சுவரோரம் போய் நின்று, சரியாகும்வரை 'மாய்' என்று கத்திவிட்டு வந்தான். உலகத்தில் எந்தக் கையேட்டிலும் இல்லாத கண்டிப்பு அது. டீச்சருக்குத் தெரியும், அத்தனை கையேடும் அவர் எழுதியவைதானே. பிள்ளைகள் சீனத்தில் எண்ணினார்கள், விலை கேட்டார்கள், பேரம் பேசினார்கள். பூட்டு சார் மட்டும் ஒவ்வொரு நாளும் எல்லாச் சொல்லையும் திருப்பி வாங்கிவிட்ட நிம்மதியில் வெற்றிலை போடாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

பருவக் கடைசியில் அதிகாரி வந்தார். விவரமானவர். தன் சொந்தக் காரில் வந்து இறங்கினார். அவருக்குச் சீனம் தெரியாது, ஆதரிக்க மட்டும்தான் தெரியும். வகுப்பு எந்த அறையில் என்று கேட்டார். தலைமையாசிரியை மேற்கூரையைப் பார்த்தார். பூட்டு சார்தான் முன்னால் வந்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு நகைப்பெட்டி திறப்பதுபோல ஸ்டோரைத் திறந்து காட்டினார். தூரிகையில் ஒரு மயிர் கலையவில்லை, மைக்குப்பியில் ஒரு சொட்டு குறையவில்லை. டீச்சரும் தும்மல் நீங்கலாக வந்தபடியே இருக்கிறார் என்றார். பிள்ளைகள் வாய்வழியாகக் கொஞ்சம் வாங்கிப்போனதையும் மறைக்கவில்லை.

"ஆனா ஒரு சொல்கூட வெளிய நிக்கல சார். எல்லாம் வசூலாயிடுச்சு."

"அப்ப பசங்ககிட்ட ஒண்ணுமே இல்லையா?"

"துடைச்சு வெச்ச மாதிரி இருப்பாங்க."

அதிகாரி பெருமூச்சு விட்டார். இவ்வளவு ஆதரித்தும் பலனில்லையே என்று வருந்தினார். சாமான்களோடு டீச்சரையும் நாளைக்கே வேனில் ஏற்றிவிடச் சொன்னார்.

டீச்சர் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். மறுபடியும் அந்த மேஜை, அந்தப் படத்தட்டைகள், கையேட்டுக்குக் கையேடு. வந்த அழுகை வாயைத் தாண்டும்போது வீட்டுக்காரம்மாவின் தமிழாக மாறிவிட்டது.

"ஏன் சார், வந்ததுதான் வந்தீங்க, பசங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனா காலு தேஞ்சிடுமா?"

அதிகாரி அரண்டு போய் வாசலுக்கு நடந்தார். முற்றத்தில் நின்ற பிள்ளைகள் அவரைக் கண்டதும் ஒரே குரலில், "நின் ஹாவ்" என்றார்கள். சுவர் அதிர்ந்தது. மரியாதை மாறவில்லை. ரெட்டைச் சடை முன்னால் வந்து அவர் காரைக் காட்டி என்ன விலை என்று சீனத்தில் கேட்டாள். இன்னொருவன் அதை அடிமாட்டு விலைக்கு இறக்கினான். மூன்றாவது ஆள் வாங்கியே விட்டான். டீச்சர் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அதிகாரி கையைக் கார்ச் சாவியின் மேல் வைத்து இறுக்கிக்கொண்டார்.

பூட்டு சார் முகத்தில் ஈயாடவில்லை.

"திருப்பிக் குடுத்தீங்களேடா. நான்தானே ஒவ்வொண்ணா வாங்கி வெச்சேன்."

"குடுத்துட்டோம் சார்," என்றாள் ரெட்டைச் சடை. "அது போக மாட்டேங்குது."

அதிகாரி பூட்டு சார் பக்கம் திரும்பினார். வகுப்பே நடக்கவில்லை என்றால், இத்தனை சரக்கும் ஸ்டோரிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று கேட்டார். திருட்டு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காற்றில் அது நின்றது. ஆயுள் முழுக்க ஒரு குண்டூசி களவு போகாத ஸ்டோர். போதாக்குறைக்கு, திருப்பி வந்த சொல் சரியாகத்தான் வந்தது என்று இவருக்கு எப்படித் தெரியும் என்றும் அதிகாரி கேட்டுவைத்தார். பூட்டு சார் ரோஷத்தில் வாயைத் திறந்தார். எண்கள், விலைகள், வாங்குவது, விற்பது, உறவுமுறைகள், வானிலை என்று வரிசையாக, ஏற்றம் இறக்கம் பிசகாமல், மூச்சு வாங்காமல் கொட்டினார். பிள்ளைகள் எல்லாரிடமும் இருந்ததைக் கூட்டினாலும் அவரிடம் இருந்ததற்கு ஈடாகாது.

கொட்டி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெரிய கள்ளன் யார் என்று ஊருக்கே காட்டியாயிற்று.

டீச்சர், காப்பாற்றலாமா வேண்டாமா என்று அவரைப் பார்த்தபடி நின்றார். பூட்டு சாரே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வகுப்பு நடந்துச்சு சார். ஜன்னல்ல நடந்துச்சு. தினமும் நடந்துச்சு. நானும் அதுல மாணவன்தான். வேணும்னா டீச்சரைக் கேளுங்க."

அதிகாரி டீச்சரைக் கேட்டார். சுமாரான மாணவர்தான், ஆனால் லீவு போட்டதில்லை என்று டீச்சர் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை மாடியில் காற்றோட்டமான ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். டீச்சர் உள்ளே நுழைந்ததும் பெஞ்சுகள் கரகரவென்று இழுபட, பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்று, "டீச்சர்" என்றார்கள். அவருக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதுவதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது வாசலில் ஒரு நிழல் வந்து நின்றது. பிரிக்காத நோட்டு ஒன்று அக்குளில், சீவிய பென்சில் ஒன்று காதில்.

"உள்ள வரலாமா டீச்சர்?"

"லேட்டா வந்தா வாசல்லதான் நிக்கணும்," என்றார் டீச்சர், திரும்பிப் பார்க்காமல்.

பூட்டு சார் நின்றார்.