பட்டன் போன்காரி

"அழிங்கம்மா, முதல்ல அதை அழிங்க..."

"அழிக்க மாட்டேன்."

"எல்லாரும் பாக்குறதுக்குள்ள..."

"பாக்கட்டுமே. பாத்தா என்னா, கண்ணு அவிஞ்சா போயிடும்?"

"ஐயோ, தெரியாம போட்டுட்டீங்கம்மா! அது மலர் நம்பர் இல்ல, நம்ம குடும்பக் குரூப்பு. அத்தை, பரமேஸ்வரன் அத்தான், அம்புட்டுப் பேரும் அதுல இருக்காங்க. இங்க கொடுங்க, நான் அழிச்சிடுறேன்."

"கையை வச்சுத்தான் பாரேன்."

ஜீவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அவனுக்கும் அம்மா அமுதவள்ளிக்கும் நடுவில் அப்பாவின் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் பக்கிரிசாமி, குளிப்பாட்டி, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி, இந்தச் சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி படுத்திருந்தார். காலமெல்லாம் நகராண்மைக் கழகத்துக் குப்பை லோரி ஓட்டிய மனிதர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. உயிரோடு இருந்திருந்தால் ஒரே அதட்டலில் இரண்டு பேரையும் அடக்கியிருப்பார்.

அமுதவள்ளி போனை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டாள். அங்கே மகன் கை வராது என்பது அவள் கணக்கு. ஆனால் உள்ளே போன சனியன் சும்மா இருந்தால்தானே? எங்கே பட்டதோ, எதை அமுக்கிக்கொண்டதோ, அவள் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை மலாய்மொழியில் சிலாங்கூருக்கு மழை உண்டு என்று கணீரென்று அறிவிக்கத் தொடங்கினாள். சுவரோரம் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கிழவிகள்கூட மூக்கைச் சிந்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அமுதவள்ளி வெடுக்கென்று போனை எடுத்து, தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மழை நின்றது.

"இதுக்குத்தான் இந்தப் போனு வேணாம்னேன்," என்றாள்.

வேண்டாமென்றுதான் சொன்னாள். போன மாதம் ஜீவன்தான் கேட்கவில்லை. "யாரு லா இன்னும் பட்டன் போன் வச்சிருக்கா? வீடியோ கால் வராது, வாட்சப் வராது" என்று பழசைக் கடையில் போட்டுவிட்டுப் புதுசை வாங்கி வந்து நீட்டினான். நல்ல பிள்ளைதான். அம்மா காலத்தோடு சேரவேண்டும் என்ற ஆசை. அந்தப் பழைய போனில் அம்மா யாரோடு இருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது.

மேரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில், பேக்கிங் பகுதியில் வேலை பார்த்தவள் அவள். வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்று சூப்பர்வைசர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிவாள். அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஒரு வித்தை பழகியிருந்தார்கள். ஒரு கை கையுறையைப் பெட்டியில் அடுக்கும். இன்னொரு கை ஏப்ரன் பைக்குள் கிடக்கும். ஐந்தாம் நம்பர் பட்டன்மேல் ஒரு சின்ன மேடு இருக்குமே, அதில் கட்டைவிரலை வைத்துவிட்டால் போதும். மற்ற எழுத்தெல்லாம் அங்கிருந்து மேலே கீழே. பார்க்கவே வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, கேஸ் வந்ததா, மாமியார் என்ன முனகினாள், எல்லாம் பைக்குள்ளேயே போகும், பைக்குள்ளேயே வரும்.

அந்த வித்தைதான் பிறகு அவளுக்கு மகளைக் காப்பாற்றிக் கொடுத்தது.

மலரைக் கட்டிக் கொடுத்தது பக்கிரிசாமியின் அக்காள் நல்லம்மாளின் மகன் பரமேஸ்வரனுக்கு. சொந்தம் விட்டுப் போகக்கூடாதென்று செய்தது. அவன் கை நீட்டுகிறவன். மலர் ஒரு நாள் தாலியைக் கழற்றி மாமியார் வீட்டுச் சாமி மேடையில் வைத்துவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். நர்ஸ் வேலை இருந்தது, பிழைத்துக்கொண்டாள். பக்கிரிசாமி கூப்பிட்டு அனுப்பி, "திரும்பிப் போ" என்றார். "போக மாட்டேன்பா" என்றாள். "அப்ப நான் செத்தாலும் என் முகத்துல முழிக்காதே" என்றார். அக்காள் காதில் விழும்படி, சாமி படத்தின்மேல் அடித்து, அந்த வார்த்தையைச் சொன்னார். ஜீவனிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அமுதவள்ளியிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் டிவிக்கு முன்னால் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானைக்குள் கையை விட்டு, மகளோடு பேசினாள். ஆங்கில எழுத்தில் தமிழ். சாப்பிட்டியா. நைட் ஷிப்ட்டா. தலைக்கு எண்ணெய் வச்சியா. கண் சீரியலில் இருக்கும், கை மலரிடம் இருக்கும். போனில் மலரின் பெயர் 'ஈக்கான்', மலாயில் மீன். யாராவது எடுத்துப் பார்த்தால் பாசார் மீன்காரன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

டச் போனில் இதெல்லாம் நடக்குமா? கண்ணாடியில் மேடு ஏது, பள்ளம் ஏது? கையில் எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, வெளிச்சம் மூஞ்சியில் அடிக்க, ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதவேண்டும். போதாக்குறைக்குக் கையுறைப் பவுடரில் தேய்ந்துபோன அவள் விரலைக் கண்ணாடி ஆள் விரலென்றே ஒப்புக்கொள்வதில்லை. இந்த ஒரு மாதத்தில் மகளுக்கு அவள் அனுப்பியது ஒரு வாழைப்பழப் படம் மட்டும்தான். அதுவும் தெரியாமல் போனது.

இன்று விடியலில் ஆஸ்பத்திரியில் பக்கிரிசாமி மூச்சை விட்டார். நாளை சனிக்கிழமை, வைக்க வேண்டாம், இன்றே எடுத்துவிடலாம் என்று நல்லம்மாள் முடிவு செய்தாள். முன்வாசலில் கெனோப்பிப் பந்தல் போட்டு, உடம்பைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்த நேரத்தில், அமுதவள்ளி குசினிக்குள் போய், விரலை எச்சில் தொட்டுக்கொண்டு எழுதினாள். கூப்பிட்டுப் பயனில்லை, வார்டில் இருந்தால் மலரின் போன் லாக்கரில் கிடக்கும். மெசேஜ் என்றால் தண்ணீர் குடிக்க வரும்போதாவது பார்ப்பாள். மகள் பெயரைத் தொடப் போன அந்த நொடியில் மேலிருந்து யாருடைய அனுதாபச் செய்தியோ குதித்து விரலுக்கடியில் விழுந்தது. குரூப் திறந்துகொண்டது. அவளுக்கோ கண்ணெல்லாம் கீழே, எழுத்தின்மேல். உச்சியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க இன்னொரு ஜோடிக் கண்ணா இருக்கிறது?

'மலரு அப்பா போய்ட்டாரு. மூணு மணிக்கு தூக்குறாங்க. யாரு என்னா சொன்னாலும் நீ வா.'

அனுப்பிய கையோடு ஹாலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக டிங், டிங் என்று கேட்டது. அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. அவள் ஹாலுக்கு வந்து பெட்டியருகே உட்கார, ஜீவன் வெளிறிப்போய் எதிரே வந்து நின்ற பிறகுதான் புரிந்தது.

"என்னாடா அது, எல்லாரும் போனையே பாக்குறீங்க?" நல்லம்மாள் வந்துவிட்டாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மகள் தாமரையின் போனைப் பிடுங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் அதட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இதை யாரு எழுதுனா?"

"நான்தான் அண்ணி."

"கை தவறிப் போச்சு அத்தை," என்றான் ஜீவன் அவசரமாக. "அம்மாவுக்கு டச் போன் பழக்கமில்ல. இப்ப அழிச்சிடலாம், ஒண்ணும்..."

"போன இடம்தான் தவறு. எழுதுனது எழுதுனதுதான்," என்றாள் அமுதவள்ளி.

"ஓ. அப்படியா சேதி." நல்லம்மாள் பெட்டியின் விளிம்பில் கையை ஊன்றினாள். "என் தம்பி சாமி படத்துல அடிச்சுச் சொன்னது காத்தோட போச்சா? என் மவன் வெளிய பந்தல்ல உக்காந்திருக்கான், தெரியுமில்ல? அவன் மூஞ்சிக்கு நேரா அவ வந்து நிப்பாளா?"

"அவருக்கு நாற்காலி எங்க வேணுமோ அங்க போட்டு உக்காரட்டும்."

"அமுதா!"

"அம்மா, நான் அப்பாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேம்மா," என்றான் ஜீவன். அவனும் பாவம், விடியலிலிருந்து போலீஸ் ஸ்டேஷன், தகனப் பெர்மிட் என்று அலைந்தவன், இன்னும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் சண்டை வேணாம்மா. அப்புறமா நானே அவளைப் போய்ப் பாக்குறேன்."

"அப்புறம்னா? அப்பாவைச் சாம்பலாக்கிட்டா? நீ பண்ணினே சத்தியம். நான் பண்ணல."

"அவளுக்குத் தெரியவே தெரியாதும்மா! மெசேஜு குரூப்புல இருக்கு, அவ குரூப்புல இல்ல. அழிச்சிட்டா முடிஞ்சது."

அது அமுதவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, சொல்லவேண்டியவளுக்குப் போகவில்லை. தொடைக்கடியில் கை வைத்தாள். மறுபடி எச்சில் தொட்டு, மறுபடி முதலிலிருந்து, இத்தனை பேர் பார்க்க...

"போயிடுச்சு." தாமரை சொன்னாள். சாலாக் செலாத்தானில் வாழ்க்கைப்பட்டவள், வாய் திறக்காத பெண் என்று பெயர் எடுத்தவள். "நான் அப்பவே அவளுக்கு பார்வர்ட் பண்ணிட்டேன் அத்தை. பாத்துட்டா. நீல டிக் வந்துருச்சு."

நல்லம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ நம்பர் உங்கிட்ட எப்படிடி வந்துச்சு?"

"அண்ணன் அவ கையை முறிச்சப்ப கிளினிக்குக் கூட்டிட்டுப் போனது யாரும்மா? நீங்களா?"

ஒப்பாரிக் கிழவிகளில் ஒருத்தி தொடங்கலாமா என்று வாயைத் திறந்து, மற்றவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

அப்போது அமுதவள்ளியின் தொடைக்கடியில் போன் அதிர்ந்தது. எடுத்தாள். பழைய போனாக இருந்தால் 'ஈக்கான்' என்று மட்டும் காட்டியிருக்கும். இதில் மலரின் முகமே கண்ணாடி நிறைய வந்து நின்றது. கழுத்தில் நர்ஸ் அட்டை, காதில் சின்னத் தோடு, சிரிப்பு. சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். முன்பென்றால் முந்தானையால் மூடியிருப்பாள். இப்போது முகம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போனை உயர்த்திப் பிடித்தாள்.

பச்சையை அமுக்கினாள். எடுக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜீவனின் விரல்கள் தாமாகவே அசைந்தன, மேலே தள்ளவேண்டும் என்று. ஆனால் அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பெட்டியின் தலைமாட்டில் இருந்த செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, முந்தானையில் ஒற்றி, பச்சையை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

"அம்மா..." சத்தம் ஹால் முழுவதும் கேட்டது. "அம்மா, கிராப் டாக்சில ஏறிட்டேன். ஃபெடரல் ஹைவேல ஜாம்னு காட்டுதும்மா. அம்மா, என்னை உள்ள விடுவாங்களா?"

"யாருடி விடுறது? இது என் வீடு. நீ வா."

போன் இருண்டது. நல்லம்மாள் தணிந்த குரலில் பேசினாள், இந்தத் தடவை கெஞ்சுகிற மாதிரி. "அமுதா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. கடைசிக் காலத்துல எந்தம்பி மனசு மாறி ஏதாச்சும் சொன்னானா? அவளைக் கூப்பிடுன்னானா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் வாயை மூடிக்கிறேன். என் மவனையும் நானே சமாதானம் பண்ணிக்கிறேன்."

அமுதவள்ளி புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

போன வாரம், படுக்கையில் கிடந்தபடி, டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏன் அமுதா, இப்பல்லாம் சத்தத்தையே காணோம்?" "என்னா சத்தம்?" "அதான், உன் முந்தானைக்குள்ள. டுக்கு டுக்குன்னு." "போனை மாத்திட்டான் உங்க மவன்," என்றாள். "பழசு நல்லாத்தானே இருந்துச்சு," என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சொல்லிவிடலாம். கொஞ்சம் நீட்டிச் சொன்னால் யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. ஜீவனின் சத்தியத்துக்கும் விடுதலை, அண்ணிக்கும் மரியாதை. எல்லாரும் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். ஆம்பளை சொல்லிவிட்டான், அப்புறம் என்ன.

அதுதான் அவளுக்கு ஒப்பவில்லை. இத்தனை வருஷம் முந்தானைக்குள் வைத்துக் காத்தது அவள் கை. இன்றைக்கு வெளியே எழுதியதும் அவள் கை. அதன் கீழே இன்னொருவர் பெயரைப் போடுவதா?

"அவரு ஒண்ணும் கூப்பிடச் சொல்லல அண்ணி," என்றாள். "நானும் அவரைக் கேக்கல. நான்தான் கூப்பிட்டேன்."

நல்லம்மாள் சேலையை உதறிக்கொண்டு பந்தலுக்குப் போனாள். ஜீவன் மட்டும் நின்றான். பெரியவனாகிவிட்ட பிள்ளை, தங்கைக்குச் சைக்கிள் பழக்கிய பிள்ளை, எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றான்.

வெளியே சங்கு ஊதினார்கள். வாய்க்கரிசி போட்டு முடிந்தது. ஷா ஆலம் சுடலையில் நேரம் தவறினால் அடுத்தவரை உள்ளே விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். பிரேத வண்டிக்காரர் இருவர், வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பெட்டியின் மூடியை இருபுறமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஜீவனைப் பார்த்தார்கள். ஜீவன் வாசலைப் பார்த்தான். கேட்டுக்கு வெளியே வரிசையாகக் கார்கள். அவற்றில் மலர் ஏறிய கிராப் இல்லை.

அமுதவள்ளி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் பெட்டியை ஒட்டிப் போட்டாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். புருஷனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு நிமிர்ந்து, மூடியைத் தாங்கி நின்றவர்களைப் பார்த்தாள்.

"அதைக் கீழ வைங்க தம்பி," என்றாள். "கை வலிக்கப் போவுது."