வெட்டாத ஆட்டம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் முழுசாக விற்க மனசு வருவதில்லை. போனை விற்றால் சார்ஜருக்குத் தனி விலை. கட்டிலை விற்றால் மெத்தைக்குத் தனி விலை. இப்போது விளையாட்டுச் சாமானிலும் அந்தப் புத்தியைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று மாயவன் கடுகடுத்துக்கொண்டே, கள்ளக்குறிச்சி ஜுல்பிகர் ஸ்டேஷனரி கடைப் படியேறினார். கையில் ஒரு கட்டைப்பை. பைக்குள் பழைய பெட்டி.

"வாங்க தாத்தா, கலையரசி அக்கா போன் பண்ணாங்க" என்றாள் ஜுல்பிகரின் மகள் மாஹிரா. கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். மேலே துண்டைப் பறக்கவிட்டபடி நாலு வீரர்கள் படம். கீழே முழுக்க இங்கிலீஷ்.

கலையரசி மாயவனின் மகள், ஓசூரில் கம்பெனி வேலை. போன மாசி மாதம் அவள் அம்மா கமலா துவைக்கிற கல் பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பிளேட் வைத்த டாக்டர், இன்னும் இரண்டு மாதம் கால் தரையில் படக் கூடாது என்றார். கமலாவைப் படுக்கையில் பிடித்துவைக்க மகள் கொண்டுவந்து போட்டதுதான் பையிலிருக்கும் பழைய விளையாட்டுப் பெட்டி. ஆரம்பத்தில் கிழவி தலைகால் தெரியாமல் ஆடினாள். இப்போது பத்து நாளாகச் சலித்துவிட்டது. நேற்று இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். இன்னொரு தடவை விழுந்தால் அவ்வளவுதான். அதனால் மாயவனுக்குக் கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பெட்டி அவளைக் கட்டிலில் உட்காரவைக்குமா, வைக்காதா?

"இதுக்கு எக்ஸ்பேன்ஷன்னு பேரு தாத்தா. பழைய பெட்டி இருந்தாத்தான் இத வெச்சு ஆட முடியும்."

"இது மட்டும் வாங்கினா?"

"சும்மா பாத்துக்கினு இருக்கலாம்."

"கல்யாணம் ஆவாதவன் மாமியார் வூட்டு விருந்துக்குப் போன கதையா இருக்குது. கொட்டு."

"இன்னாது?"

"கவுத்துக் கொட்டும்மா. மலைச் சந்தையில நாப்பது வருசம் புளி மூட்ட தூக்கினவன் நானு. மேலாக்கச் சொளை இருக்கும், அடியில கொட்டையும் கோதும் இருக்கும். அடிமூட்டையில கைய வுடாம எவன் வெல பேசுவான்?"

ஆர்டர் கொடுத்த வேறு யாரோ ஏற்கெனவே பிரித்துப் பார்த்து வேண்டாமென்று சொன்ன பெட்டிதான் அது. மாஹிரா அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னதும் மாயவன் முகம் இன்னும் கோணியது. மாஹிரா கொட்டினாள். இரண்டு புது வீரர்கள், மூன்று புது வில்லன்கள், ஒரு கட்டு அட்டை. மாயவன் ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்த்தார்.

"அட்ட தேவலாம். ஆட்டம் எப்டினு பாக்கணும். ஒரு ஆட்டம் போடு."

பழைய பலகையை விரித்தார்கள். மாயவன் வழக்கம்போல் செவப்புத் துண்டுக்காரனை எடுத்துக்கொண்டார். மாஹிராவுக்குப் புதுசாக வந்த றெக்கைக்காரி. மாயவன் கட்டையை உருட்டினார், நாலு. செவப்புத் துண்டுக்காரன் தாவிப் போய் றெக்கைக்காரியைத் தட்டிக் கவிழ்த்தான்.

"தாத்தா! என்ன ஏன் வெட்டறீங்க?"

"பின்ன யார வெட்டறது?"

மாஹிரா கவிழ்ந்து கிடந்த றெக்கைக்காரியை நிமிர்த்தி வைத்தாள். "வூட்லயும் இப்டித்தான் ஆடறீங்களா?"

"தாயம் வேற எப்டி ஆடுவாங்க?"

"ஐயோ, இது தாயம் இல்ல தாத்தா. நீங்களும் நானும் ஒரே கச்சி. ரெண்டு பேரும் சேந்து இந்த ஓணான் மூஞ்சி வில்லன அடிக்கணும். ஜெயிச்சா ரெண்டு பேரும் ஜெயிப்போம், தோத்தா ரெண்டு பேரும் தோப்போம்."

"இதுல யாரு தோத்துட்டு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு ஒக்காருவாங்க?"

"யாரும் இல்ல."

"நல்லா இருக்குது."

இருந்தாலும் அவள் சொன்னபடியே ஆடினார். மூட்டையை அவிழ்த்த பிறகு பாதியில் கட்டக் கூடாது. ஓணான் மூஞ்சிக்காரன் பலமான ஆள்தான். செவப்புத் துண்டுக்காரனுக்கு ஒரே ஒரு உயிர் மிச்சம் இருந்தபோது, மாஹிரா தன் கையிலிருந்த நல்ல அட்டையைத் தூக்கி அவருக்குப் போட்டாள். கடைசி அட்டை திரும்புகையில் மாயவன் ஸ்டூலின் நுனிக்கு வந்திருந்தார். ஓணான் விழுந்தான்.

"ஜெயிச்சிட்டோம்!" என்று மாஹிரா கையை நீட்டினாள்.

மாயவன் கை கொடுக்கவில்லை. "எனக்கு ஏன் அந்த அட்டையப் போட்ட?"

"இல்லன்னா செத்துப் போயிருப்பீங்க."

"போயிருக்கணும். நீ என்ன வெட்டியிருந்தா, எங்க போவ, இரு வரேன்னு இன்னோர் ஆட்டம் ஒக்காருவேன். காப்பாத்திட்ட. இனிமே நான் எதுக்கு ஒக்காரணும்?"

"அடுத்த வில்லன் இன்னும் கஷ்டம் தாத்தா."

"அட்டைய ஜெயிச்சா அட்ட மூஞ்சி சுருங்குமா?"

சொன்ன பிறகுதான் மாயவனுக்குக் கமலாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகக் கமலாவின் காயை அவர் ஒரு தடவைகூட வெட்டியதில்லை. வெட்ட வழி இருந்தாலும், பாவம், வலியில் கிடக்கிறாளே என்று தன் காயை வேறு பக்கம் நகர்த்திவிடுவார். முதல் வாரம் ஜெயித்துவிட்டுக் கைதட்டினாள். பிறகு ஜெயித்தும் சும்மா இருந்தாள். முந்தாநாள் ஆட்ட நடுவிலேயே, "யோவ், நீ தூங்கறியா ஆடறியா?" என்று கேட்டாள்.

அவர் பழைய பெட்டியைக் கட்டைப்பைக்குள் திணிக்க ஆரம்பித்தார்.

"இன்னா தாத்தா, வேணாமா? எங்க அத்தாகிட்ட சொல்லிக் கம்மி பண்ணித் தரச் சொல்றேன். நீங்களே ஸ்டூல்ல ஒக்கார முடியாம கடைசியில நுனிக்கு வந்துட்டீங்க, நான் பாத்தேன்."

"மூட்டு வலி."

"ஆயா கிட்டக் காட்டிட்டு வேணாம்னா திருப்பிக் குடுங்க."

"அவளுக்கு இதக் காட்டினா, புருசனும் பொண்டாட்டியும் சேந்து ஜெயிச்சிட்டோம்னு எழுந்து நடக்க ஆரம்பிச்சிடுவா. அவ ஒக்காரணும்மா. கோவத்துலனாலும் ஒக்காரணும். இன்னிக்கு அவள மூணு தடவ வெட்டறேன். நாளைக்கு நாலு."

"பாவம் தாத்தா ஆயா!"

"பாவம் பாத்துத்தான் இவ்ளோ தூரம் வந்துச்சி."

படியிறங்கினார். பின்னாலிருந்து மாஹிரா ஏதோ புது அட்டையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல சரக்கென்றால் இவ்வளவு பேச்சு எதற்கு என்று தோன்றியது அவருக்கு. வடக்கனந்தல் பஸ் எந்த நேரமும் கிளம்பிவிடும். பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.