இறைக்காத கிழமை

பரமலிங்கம் கிணற்றுத் துலாவில் ஏறிய நேரம் பார்த்துத்தான் சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு யோசப்பின் ஓடிவந்தாள்.

"அண்ணை, இறைக்காதேங்கோ!"

புத்தூரில் ஒரு தோட்டக்காரனைப் பார்த்து இப்படி யாரும் சொன்னதில்லை. அதுவும் ஆவணி வெயிலில். மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் மிசின் கொட்டிலில் கிடந்தது. பழைய துலாவைக் கட்டி, அவர் மேலே மிதிக்க, மனைவி பூரணம் கீழே இறைக்கும் பட்டையைப் பிடிக்க, தங்களுக்குள் வரும் சண்டைகளைக்கூட ஒத்திவைத்துக் காப்பாற்றிய திராட்சைப் பந்தல் அது. பழங்கள் சூம்பிக் கிடந்தன. பிடுங்குமுன் ஒரு நல்ல தண்ணீர் காட்டினால் கொஞ்சமாவது பருக்கும், குருநகர் வேதக்கோயிலுக்குக் கொடுக்க வெட்கமாக இராது என்பது அவர் எண்ணம்.

யோசப்பின் அந்தக் கோயிலுக்குப் பூசை வைன் செய்பவள். போரில் பாதை பூட்டி, கொழும்பிலிருந்து வரும் வைன் போத்தல் நின்றதிலிருந்து அந்தப் பொறுப்பு அவள் தலையில். சீனிக்கு எங்கே போவது? பழத்தின் இனிப்புத்தான் எல்லாம். சென்ற வருடம் பிடுங்கும் கிழமையில் மழை கொட்டியது. பழங்கள் ஊதிப் பளபளத்தன. பரமலிங்கம் பெருமையோடு கொண்டுவந்து இறக்கினார். வைனோ வெளிறி, மார்கழிக்குள் புளித்து வினாகிரியாகிவிட்டது. கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பூசைக்குப் பங்குச் சுவாமி அயல் பங்கில் அரைப் போத்தல் இரந்து வாங்கினார். மனம் நோகுமென்று பரமலிங்கத்திடம் யாரும் சொல்லவில்லை. அந்த மரியாதைதான் இப்போது வினையாகியிருந்தது.

இன்று சொன்னாள். அவர் துலாவை விட்டு இறங்கினார்.

"அப்ப நான் தந்ததெல்லாம் பழுதோ?"

"அது மழை செய்த வேலை, அண்ணை. உந்தச் சின்னப் பழத்திலைதான் சத்து இருக்கு. சனிக்கிழமை பிடுங்கும் வரைக்கும் பொறுங்கோ. இந்த முறையும் பிழைச்சா நத்தாருக்கு வைன் இல்லை."

"கொடி செத்துப்போனா? உங்கடை கோயில் வந்து நட்டுத் தருமோ?"

யோசப்பின் பூரணத்தைப் பார்த்தாள். பூரணம் பட்டையைக் கீழே வைத்து, ஒரு பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டாள்.

"இனிக்குதப்பா," என்றாள். "பொறுப்பம்."

பொறுத்தார்கள். இலைகள் ஓரத்தில் கருகிச் சுருண்டன. பரமலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. வியாழன் பின்னேரம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. வாழ்நாளெல்லாம் மழைக்கு நேர்த்தி வைத்த மனிதர், முதன்முதலாகப் பிள்ளையாரிடம் மழை வேண்டாம் என்று கேட்டார். கேட்டபின் அயல் தோட்டங்களை நினைத்து வெட்கப்பட்டு, "என்ரை காணிக்கு மட்டும்" என்று திருத்திக்கொண்டார். பிள்ளையார் என்ன நினைத்தாரோ, மழை கொடிகாமப் பக்கமாய்ப் போய்க் கொட்டித் தீர்த்தது.

சனிக்கிழமை கடைசிக் குலை கடகத்தில் விழுந்ததுதான் தாமதம், அவர் துலாவுக்கு ஓடினார். சேலையைச் செருகிக்கொண்டு யோசப்பின் வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் கட்டினாள். மண் குடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த கிழமை கொடியில் ஒரு துளிர் கண்ட சந்தோசத்தில் அவர் குருநகருக்குச் சைக்கிள் மிதித்தார். கதவைத் திறந்த யோசப்பினின் கைகள் பழம் பிசைந்து மணிக்கட்டு வரை கருநீலமாய் இருந்தன.

"கழுவினாப் போகாதோ, தங்கச்சி?"

"போன வருசம் ஒரு கழுவிலை போச்சுது. இந்த முறை சவுக்காரமும் தோத்துப்போச்சு." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

பின்னேரப் பூசைக்கு மணி அடித்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்குள் போனாள். பரமலிங்கம் சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்று பார்த்தார். முன் வரிசையில், எல்லாரும் பார்க்க, அந்தக் கறுத்த கைகளைக் கூப்பிக்கொண்டு அவள் முழந்தாளிட்டாள்.