ரெண்டு இஞ்ச் பிரஷ்

பெயிண்டரின் காலரைப் பிடித்துக் கேட்டுக்குள் இழுத்தார் செத்தவளின் அண்ணன். மேல் பொத்தான் தெறித்துப் படியில் விழுந்தது.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தே? ஏணிய எடுத்துட்டுப் போகவா?"

பெயிண்டர் கையை உயர்த்தவில்லை. ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த ஆள். "மேடத்தக் கடைசியா ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

"பாரு. உள்ள பெட்டியில படுத்திருக்கா. நல்லாப் பாரு."

அவளுடைய கணவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்கட்டும் என்று நினைத்தான். இரண்டு நாளாக அவனுக்குள் தெளிவாக இருந்த ஒரே ஆசை அதுதான்.

வீடு முப்பது வருஷம் பழையது. வாங்கியபோதே சுவர் உரிந்துகொண்டிருந்தது. அவள் முதலில் வேறொரு பெயிண்டரைக் கூட்டி வந்தாள். அந்த ஆள் சுவரைச் சாவியால் சுரண்டினார், காதை வைத்துத் தட்டிப் பார்த்தார், ஈரம் காய ஒரு மாதம் ஆகும், அப்புறம் வருகிறேன் என்றார். ஒரு மாதமா என்று அலுத்துக்கொண்டவன் கணவன்தான். இந்த ஆளிடம் போனில் பேசினான். "நாளைக்கே ஆரம்பிச்சிரலாம் சார்." நேரில் பார்க்காமலே சரி என்றான்.

மறுநாளே ஆரம்பித்தார். நான்கு நாள் வேலை நடந்தது. பிறகு ஏணியை முன்பக்கச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனவர் வரவில்லை. ஒரே நேரத்தில் நாலு வீட்டை ஒப்புக்கொள்வார். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஏணியோ வாளியோ நிற்கும். ஆள் வரும் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. போன் செய்தால், "ஏணி அங்கதானே இருக்கு? அத விட்டுட்டு நான் எங்க ஓடப் போறேன்?" என்பார்.

"தினமும் ஏணிக்குக் குட் மார்னிங் சொல்லிட்டுதான் பல்லு தேய்க்கிறேன்" என்றாள் அவள், ஆள் வராத ஐந்தாம் நாள். பதினோராம் நாள் சிரிப்பு தீர்ந்திருந்தது. ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி, ஒரு முழ அகலத்துக்குப் பழைய மஞ்சள் அப்படியே நின்றது. அந்த ஒரு முழம் பாக்கி.

சனிக்கிழமை காலை அவன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தாள். யார் இந்த ஆளைப் பிடித்தது, யார் அவசரப்பட்டது. அவனுக்கு நேரமாகிவிட்டிருந்தது. கேட்டை அறைந்துவிட்டுப் போனான். பதினொன்றே முக்காலுக்கு எதிர்வீட்டுக்காரர் போன் செய்தார், அவள் ஏணியிலிருந்து விழுந்துவிட்டாள் என்று.

"வாயத் தொறந்து பேசுடா" என்று அண்ணன் பெயிண்டரை உலுக்கினார். "ஏணிய இப்படியா போட்டுட்டுப் போவே? எம் மாப்ள அன்னிக்குக் காலைல, ஏறாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கான். தங்கச்சி கேக்கல. ஏணி இல்லாட்டி ஏறியிருப்பாளா?"

பெயிண்டர் தலையை நிமிர்த்திக் கணவனைப் பார்த்தார். ஒரு நொடிதான். மறுபடி குனிந்துகொண்டார்.

"தப்பு என் மேலதான்."

அந்தப் பார்வை அவனுக்குப் பொறுக்கவில்லை. படியிறங்கி வந்து, "விடுங்க மச்சான், நான் பேசிக்கிறேன்" என்றான். பெயிண்டரின் முழங்கையைப் பிடித்து வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்கு இழுத்துப் போனான். ஏணியை யாரோ அங்கே கிடத்தியிருந்தார்கள்.

"என்னய்யா பார்வை?"

"ஒண்ணுமில்ல சார்."

"என்ன பார்வைன்னு கேட்டேன்."

பெயிண்டர் ஏணியைப் பார்த்தார். "மேடம் அன்னிக்குப் போன் பண்ணாங்க சார். பத்தரை இருக்கும். 'உங்கள நம்பிப் பிரயோஜனமில்ல, எங்க வீட்டுக்காரரு என்னையே ஏறி அடிச்சுக்கச் சொல்லிட்டாரு, எந்த பிரஷ்ல அடிக்கணும், அதையாவது சொல்லுங்க'ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க."

அவன் கை முழங்கையிலிருந்து நழுவியது.

"ரெண்டு இஞ்ச் பிரஷ்னு சொன்னேன் சார். ஓரத்துக்கு அதான் வசதி. வேணாம்மா, நான் வர்றேன்னு சொல்லியிருக்கலாம். ஒரு நாள் வேலை மிச்சம்னு தோணிச்சு."

உள்ளே அத்தை, அவளுடைய அம்மா, அழுவது கேட்டது. கொஞ்சம் நின்றது. மறுபடி கேட்டது.

"யார்கிட்டயும் சொல்லல சார். சொல்லவும் மாட்டேன். நீங்க ஏறாதேன்னு சொன்னதாவே இருக்கட்டும்."

அவனுக்குத் தலை கொதித்தது. இந்த ஆள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், அடித்திருக்கலாம். ஏணியைச் சரியாகச் சாய்க்காதவன், பதினோரு நாள் ஏமாற்றியவன், வாசலில் அடி வாங்கிக்கொண்டு தனக்குச் சலுகை தருகிறான். ஏறாதே என்று சொன்னதாக டாக்டரிடம் அவன்தான் பொய் சொல்லியிருந்தான். போலீஸ்காரரிடம் சொன்னான். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். நாலாவது தடவை சொன்னபோது அவனுக்கே அது நடந்த மாதிரி இருந்தது. சொன்னா கேக்க மாட்டா அத்தை, உங்களுக்குத் தெரியாதா. அவளைப் பேச்சுக் கேட்காதவளாக்கிப் பெட்டியில் வைத்திருந்தான்.

"உன் தயவு எனக்கு வேணாம்" என்றான். "வேணாம்யா. புரியுதா?"

அண்ணன் சந்தின் முனையில் வந்து நின்றார். "நேரமாச்சு மாப்ள. இவன என்ன பண்றது? காரியம் முடிஞ்சதும் ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போயிரலாமா?"

"ஏறச் சொன்னது நான்தான் மச்சான்."

"என்ன?"

"நீயே ஏறி அடிச்சுக்கன்னு சொன்னேன். கோவத்துல. ஏறாதேன்னு நான் சொல்லவே இல்ல. உங்ககிட்ட சொன்னது பொய்."

அண்ணன் அவனையே பார்த்தார். காலரைப் பிடித்த கை பாதி உயர்ந்தது. அவன் காத்திருந்தான். அவர் அந்தக் கையால் தன் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அதற்குப் பின்னால் அவனுக்கான கார். அவன் பின்சீட்டில் உட்கார்ந்தான். அத்தையும் அண்ணனும் அவனோடு வருவதாக ஏற்பாடு. அண்ணன் அத்தையின் காதில் ஏதோ சொன்னார். அத்தை காரைப் பார்க்கவில்லை. அவர் அத்தையைத் தோளோடு அணைத்து, அடுத்த காருக்கு நடத்திக் கூட்டிப் போனார். அவர்கள் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

"வேற யாராவது வரணுமா சார்?" என்று கேட்டார் டிரைவர்.

முன்வண்டி நகர்ந்தது.

மறுபக்கக் கதவு திறந்தது. பெயிண்டர் ஏறி, சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தார். கதவு சரியாக மூடவில்லை. அதைத் திறந்து, இன்னொரு முறை, சத்தம் வராமல் மூடினார்.