பெருநாளுக்கு முன் துடைத்த ஓவன்

2019 மே 28, செவ்வாய்க்கிழமை. எகிப்தின் மன்சூரா நகரில், நைல் கரையை ஒட்டிய ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில், இன்ஸாஃப் தன் அடுப்பின் ஓவனிலிருந்து பாத்திரங்களை வெளியே எடுத்தாள்.

வாணலிகள், வளைந்துபோன தட்டுகள், மீன் பொரித்த எண்ணெய் இருந்த சட்டி, மூடியைத் தொலைத்த குக்கர். ஊரில் எல்லார் வீட்டு ஓவனிலும் இருப்பவைதான். அவற்றைக் குளியல் தொட்டியில் அடுக்கினாள்.

"நான் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்ய வேண்டாமா?" என்றார் கணவர் ஷௌக்கி, குளியலறை வாசலில் நின்று.

"கீழ பள்ளிவாசல்ல செய்ங்க. நாளைக்கு உங்க பொண்ணோட மாமியா வர்றா. மொதல்ல ஓவனைத்தான் திறந்து பார்ப்பா."

மாமியார் புஸைனா, மகள் ரபாபுக்கு நிச்சயித்த ஹாஸிமின் தாய். ஹாஸிம் குவைத்தில் சம்பாதித்து, ஆற்றுக்கு அக்கரையில் தல்காவில் ஒரு வீடு வாங்கியிருந்தான். அதன் சாவி புஸைனாவின் கைப்பையில் இருந்தது. நிச்சயதார்த்தத்தில் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "படிச்ச பொண்ணு. அடுப்படி தெரியுமோ என்னவோ. ஒரு வருஷம் என்கூட இருந்து கத்துக்கட்டும், அப்புறம் தனிக்குடித்தனம் போகட்டும்." அன்றிரவு ரபாப் சாப்பிடவில்லை. இன்ஸாஃபும் சும்மா இருக்கவில்லை. "எங்க வீட்டுல பெருநாள் கஹ்க் எல்லாம் வீட்டு ஓவன்லதான்" என்று, பேரீச்சைப் பூரணம் வைத்துச் சுடும் அந்தப் பெருநாள் பலகாரத்தைப் பற்றி அங்கேயே அறிவித்திருந்தாள். "எங்க வீட்டுலயும் அப்படித்தான். மாவை ரொட்டிக்கடையில சுடக் குடுக்கிறதெல்லாம் சோம்பேறிங்க வேலை" என்றாள் புஸைனா. அதன் விளைவுதான் இந்த வருகை: இந்த வருஷக் கஹ்க்கை இரு வீட்டுப் பெண்களும் சேர்ந்து இங்கேயே சுடுவது, பெண்ணின் கைப்பக்குவத்தையும் பார்ப்பது.

அந்த ஓவன் கடைசியாக எப்போது எரிந்தது என்று இன்ஸாஃபுக்கே நினைவில்லை.

கம்பித் தட்டுகளைச் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டாள். சமையல் சோடாவைக் குழைத்து உட்சுவரெங்கும் பூசி, அது காய்ந்ததும் வினிகர் தெளித்தாள். நுரைத்தது. கம்பி நாரால் தேய்த்தால் பூச்சு கீறிவிடும் என்று, ஷௌக்கியின் காலாவதியான ரயில்வே அடையாள அட்டையால் சுரண்டினாள். கதவின் ரப்பரைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். கண்ணாடியைக் கழற்றியபோது இடுக்கிலிருந்து ஒரு தேக்கரண்டியும் கல்லாகிப்போன ஒரு கஹ்க்கும் விழுந்தன. மாலை அஸர் தொழுகைக்குள் உள்ளே முகம் பார்க்கலாம் போலாகிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாவு சிந்தி மறுபடி அழுக்காகுமே என்று அடித்தளம் முழுக்க அலுமினியத் தாள் விரித்து, மெத்தை விரிப்பைப்போல நான்கு மூலைகளையும் இழுத்துச் செருகினாள்.

மருந்தியல் படிக்கும் ரபாப் குனிந்து பார்த்தாள். "அம்மா, அடியில ஓட்டை ஓட்டையா இருந்துச்சே, அது எதுக்கு?"

"அழுக்கு உள்ள இறங்கத்தான். அதான் மூடிட்டேன்."

மறுநாள் மதியம் புஸைனா நெய் டப்பாவோடு வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்படிக்குப் போய் ஓவனைத் திறந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

"ஒவ்வொரு தடவை சுட்டதும் துடைச்சிடுவோம், உம்மு ஹாஸிம்" என்றாள் இன்ஸாஃப், ஊர் வழக்கப்படி அவளை ஹாஸிமின் தாய் என்று அழைத்து.

"சுட்ட வீடு மாதிரி தெரியலையே, உம்மு ரபாப். என் ஓவனைப் பாருங்க, உள்ள கரி பிடிச்சுக் கிடக்கும். உழைக்கிற ஓவன் அது."

சுத்தமே சாட்சியாகும் என்று இன்ஸாஃப் நினைத்தாளே தவிர, எதிர்சாட்சியாகும் என்று நினைக்கவில்லை.

மூவரும் மாவு பிசைந்தார்கள். நோன்பு நேரம், ருசி பார்க்க முடியாது. ரபாப் பேரீச்சைப் பூரணத்தை உருட்டி வைத்து, இடுக்கியால் வரிவரியாகக் கிள்ளினாள். புஸைனா குறை தேடினாள், கிடைக்கவில்லை. தட்டு ஓவனுக்குள் போனது. தீ நீலமாக எரிந்தது, மஞ்சளானது, அணைந்தது. மறுபடி பற்றவைத்தார்கள். தாள் மூடிய ஓட்டைகளில் காற்று ஏறாமல் மறுபடி அணைந்தது. கேஸ் வாடையில் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மூன்றாம் முறையும் முயன்றார்கள். வெளியே எடுத்த கஹ்க் அடியில் கரி, மேலே பச்சை மாவு.

"பாவம், அதுக்கே தெரியல தான் ஓவன்னு" என்றாள் புஸைனா. கையைத் துடைத்துக்கொண்டாள். "முடிவாயிடுச்சு, உம்மு ரபாப். ஒரு வருஷம் என்கிட்ட இருக்கட்டும். சாவி எங்கயும் ஓடிடாது."

ரபாப் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் இன்னும் நாலு தட்டு மாவு நெய் கசிந்து கிடந்தது.

"இதைக் கடையில குடுத்துடலாம், வீணாப் போயிடும்" என்றாள் இன்ஸாஃப். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"நான் அந்தக் கடைப் பக்கமெல்லாம் போனதே இல்லை" என்றாள் புஸைனா.

"ரபாபும் நானும் ரெண்டு ரெண்டா நாலு தட்டைத் தூக்கிட்டு ஆட்டோல ஏற முடியுமா? ஒண்ணைப் பிடிங்க."

தெருமுனையில் ஒரு ரொட்டிக்கடை இருக்கிறது. தெருவே அங்கேதான் கொடுக்கும். அதனால் இன்ஸாஃப் அங்கே போவதில்லை. வருஷாவருஷம் ஆட்டோ பிடித்து, தெரிந்த முகமே இல்லாத பழைய சந்தைக்குப் பின்னால் இருக்கும் கடைக்குத்தான் போவாள். ஆட்டோ சந்தைப் பக்கம் திரும்பியதும் புஸைனா நிமிர்ந்தாள்.

"இங்கயா? வேற கடையே இல்லையா?"

"இங்கதான் நல்லா சுடுவாங்க."

"கூட்டமா இருக்கும். நான் வண்டியிலயே இருக்கேன்." சொல்லிக்கொண்டே முக்காட்டை நெற்றிக்கு இழுத்துவிட்டாள்.

கடைக்காரர் தாஹா தட்டை வாங்க வண்டிவரை வந்தார். குனிந்து உள்ளே பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அட, உம்மு ஹாஸிம்! காலைல குடுத்த உங்க தட்டெல்லாம் வெந்தாச்சு, இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க. அதுக்குள்ள இன்னும் நாலா? வருஷத்துக்கு வருஷம் கூடிக்கிட்டே போகுது உங்க வீட்டுக் கணக்கு." பிறகு பக்கத்தில் திரும்பினார். "உம்மு ரபாப், நீங்களும் வந்துட்டீங்களா? நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்களா?"

ரபாப் தட்டின் துணியைச் சரிசெய்தாள். தேவைக்கு மேல் வெகுநேரம் சரிசெய்தாள்.

திரும்பும் வழியில் மடியில் புஸைனாவின் சூட்டுத் தட்டுகள். இன்ஸாஃபின் நாக்கு நுனியில் பல வாக்கியங்கள் நின்றன. ஒன்றையும் விடவில்லை.

"தாஹா நல்லா சுடுறார்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"ம். நெருப்பு ஒரே சீரா இருக்கும்" என்றாள் புஸைனா. சற்றுப் பொறுத்துக் கைப்பையைத் திறந்தாள். "தல்கா வீட்டுக்குத் திரைச்சீலை அளவெடுக்கணும்ல? சாவியை நீங்களே வச்சுக்கோங்க."

ஜூலையில் கல்யாணம் நடந்தது. ரபாபும் ஹாஸிமும் தல்காவில் குடியிருக்கிறார்கள். புது அடுப்பின் ஓவனில் வாணலிகளும் எண்ணெய்ச் சட்டியும் இருக்கின்றன.