றோஸ்மேரி மாமி அழுத பாட்டு

நான் கிற்றாரை மாட்டிக்கொண்டு கனடாவின் மொன்றியலில் நாட்டார் பாணியில் பிரெஞ்சுப் பாட்டு எழுதிப் பாடுகிறவள். மாதா கோயில் பாடகர் குழுவில் தொடங்கி, பத்து வருடம் காப்பிக் கடைகளில் கரண்டிச் சத்தத்தோடு மல்லுக்கட்டி, போன கோடையில்தான் நாலு பேருக்குத் தெரிந்தவளானேன். என்னைத் தூக்கிவிட்டது ஒரே ஒரு பாட்டு. அது திருட்டுப் பாட்டு.

காதில் விழுகிற எதையும் போனில் பதிவது என் தொழில் பழக்கம். போன கோடைக்கு முந்திய மாரிக் குளிரில், றோஸ்மேரி மாமியின் ஒரே மகன் மைக்கல் கார் விபத்தில் போய்விட்டான். மாமி சவப்பெட்டியைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லி அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே போனில் பதிவைத் தட்டினேன். நான் என்ன பிறவியோ!

இராகத்தை அப்படியே எடுத்து, பெற்றவளின் அழுகையை, விட்டுப்போன காதலனுக்கான ஏக்கமாக மாற்றினேன். பாட்டு வெளிவந்த அன்று, பிடிபட்டுவிடுவேன் என்ற பயத்தில் பதிவை அழித்தேன்.

இந்த ஜனவரியில் மாமி ரொக்ஸ்பரோவிலுள்ள தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். மைக்கலின் முதலாம் ஆண்டு நினைவு மலர் அச்சுக்குப் போகவிருந்தது.

"அச்சுக்காரர் எல்லாருக்கும் ஒரே பாட்டைத்தான் போடுகினம், பேரை மட்டும் மாத்தி. எனக்கு அது வேண்டாம், ஜென்சி. அண்டைக்கு நான் சொல்லி அழுததைப் போடவேணும். ஒரு சொல்லும் ஞாபகமில்லை. நீ போனோடை நிண்டனி, கண்டனான். போட்டுக் காட்டு."

"அழிச்சுப்போட்டன், மாமி. உங்கடை அழுகையிலைதான் அந்தப் பாட்டைச் செய்தனான்."

"றேடியோவிலை கேக்கேக்கையே தெரியும். அதை விடு. நீ கேட்டனிதானே, சொல்லு, எழுதுறன்."

மாமி கொப்பியைத் திறந்தார். நான் கண்ணை மூடினேன். இராகம் வந்தது. கூடவே ரயில் நிலையம், மழை, திரும்பிப் பார்க்காத காதலன். எல்லாம் என் சொற்கள். மேடை மேடையாகப் பாடியதில் மாமியின் சொற்கள் ஒன்றுகூட என்னிடம் மிஞ்சவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பாட்டுக் கட்டுவது எனக்குக் கைவந்த வேலை. கட்டினேன்.

"குளிருக்குத் தொப்பியும் போடாமல் போனியே, என்ரை ராசா..."

மாமியின் கண்கள் நிறைந்தன.

"ஓம், ஓம், இதைத்தான் சொன்னனான்!" என்று அவசரமாக எழுதினார். "நல்லகாலம் பிள்ளை, நீ பக்கத்திலை நிண்டது. பேந்து என்ன சொன்னனான்?"