நிறைந்த பீப்பாய்

விதைப்புக்கு முன்னால் ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்து கைக்குழந்தைக்காரிகளிடமெல்லாம் எச்சில் கேட்டாள். சின்னக் குழாயில் துப்பித் தரவேண்டுமாம். நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை.

“எச்சில்ல என்னம்மா தெரியும்?”

“பயந்தா உடம்புல ஒண்ணு சுரக்கும் ஐயா. தானியம் தீர்ற மாசத்துல எவ்வளவு, அறுப்புக்கப்புறம் எவ்வளவுன்னு பாக்கிறோம்.”

“வீட்டுல தானியம் இல்லன்னா பொம்பளைங்க பயப்படுவாங்க. நானே சொல்லியிருப்பேனே, குழாய் மிச்சம்.”

சிரித்துவிட்டு, கைக்குழந்தையோடு நின்ற என் மருமகளிடம் குழாயை நீட்டினாள்.

அந்த மாதங்களில் மருமகள் விடிந்ததும் தகரப் பீப்பாயை மேலிருந்து கீழாக விரலால் தட்டிக்கொண்டு வருவாள். சத்தம் மாறுகிற இடத்திலிருந்து கீழேதான் தானியம். அந்த இடம் இறங்க இறங்க அவள் தட்டிலும் சாப்பாடு இறங்கும்.

அறுப்பு முடிந்து பீப்பாயை வாய்வரை நிரப்பியவன் நான். மறுநாள் விடியலில் மறுபடியும் தட்டுகிறாள். தினமும் தட்டினாள். சாப்பாடு அதே அரை வயிறு.

எச்சில்காரி திரும்ப வந்து எடுத்துப்போனாள். பிறகு வீடு தேடி வந்தாள்.

“மத்த அம்மாக்களுக்கெல்லாம் அந்தப் பயச் சுரப்பு இறங்கிடுச்சு ஐயா. உங்க மருமகளுக்கு மட்டும் அப்படியே நிக்குது. சாப்பிட வைங்க, இல்லன்னா பால் நின்னுடும்.”

பேரன் வெறும் மார்பைச் சப்பி அழுவது எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“நிறைஞ்சு கிடக்குதே புள்ள, எதுக்குத் தட்டுற?”

“நடுவுல காலியா கேக்குது மாமா.”

“உன் காதுல கோளாறு.”

தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அதே இடத்தில் அவள் தட்டினாள். வெறும் தகரம் அதிர்கிற சத்தம். திரும்பத் தட்டினேன், கல். அவள் தட்டினாள், வெறுமை. என் காதால் கேட்டேன்.

அடிமூடியைப் பிடுங்கிவிட்டேன். அத்தனையும் நடுவீட்டில் கொட்டியது. எலி இல்லை, பொந்து இல்லை, ஒரு பிடி குறையவும் இல்லை. அவள் குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இப்பத்தான் மாமா பசிக்குது.”

தின்றாள். மறுபடி போட்டுத் தின்றாள். சில நாளில் பேரனும் வயிறு முட்டக் குடித்துத் தூங்க ஆரம்பித்தான்.

தானியம் நடுவீட்டிலேயே கிடக்கிறது. சுற்றித்தான் நடக்கிறோம். “கோழி வளக்கப்போறீங்களா?” என்று பக்கத்து வீட்டுக்காரன் நக்கலடிக்கிறான். அடிக்கட்டும்.

ஆனால் தின்னத் தின்னக் குவியல் சிறுக்கிறது. அவள் எழுவதற்கு முன்னால், விதைக்கு எடுத்து வைத்த மூட்டையிலிருந்து அள்ளி அதன் தலையில் போட்டு உயரத்தைச் சரிசெய்கிறேன். மூட்டை பாதியாகிவிட்டது. மழை வந்தால் எதை விதைப்பது என்று தெரியவில்லை.